காகிதத்தை எப்படிப் படமெடுப்பது?

கொலையைப் படமாக்க ஒரு கத்தி போதும். பஞ்சத்தைக் காட்ட வெடித்த வயல் போதும். நாலாயிரம் கோடி ரூபாய் வங்கிகளிலிருந்து கழன்று பங்குச் சந்தைக்குள் போவதை எப்படிக் காட்டுவது? ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு தாளில் கையெழுத்துப் போடுகிறார். இன்னொருவர் அதை வாங்கி ஃபைலில் வைக்கிறார். முடிந்தது. ஊரையே புரட்டிப்போடும் காரியம், பார்ப்பதற்குத் தாலுகா ஆபீஸின் மதிய நேரம் மாதிரி இருக்கும்.

வங்கியாளர்கள், பைனான்சியர்கள், பங்குத் தரகர்களைப் பற்றி வந்த படங்கள் எல்லாமே இந்தச் சிக்கலுக்கு ஏதோ ஒரு வழி தேடியவைதான். அந்த வழிகள் என்ன, ஒவ்வொன்றும் எதைக் காட்டி எதை விட்டுவிட்டது என்று பார்க்கலாம். குன்னூரிலிருந்து எழுதுவதால் நடுநடுவே தேயிலையும் வரும். அது ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

இருப்பதிலேயே சுலபமான வழி, ஒரு ஆளைப் பிடித்து நிறுத்துவது. 1987 டிசம்பரில் வந்த ஆலிவர் ஸ்டோனின் 'வால் ஸ்ட்ரீட்' அதைத்தான் செய்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, அக்டோபர் 19 அன்று, அமெரிக்கப் பங்குச் சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்திருந்தது. படத்துக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் யாராலும் கொடுத்திருக்க முடியாது. ஸ்டோனின் அப்பாவே பங்குத் தரகர். படம் அவருக்குத்தான் சமர்ப்பணம். கார்டன் கெக்கோ என்ற பாத்திரத்தில் மைக்கேல் டக்ளஸ் நடித்து ஆஸ்கர் வாங்கினார். கெக்கோ செய்வது உண்மையில் கணக்கு வேலை. ஒரு விமான கம்பெனியை வாங்குவது, அதைத் துண்டு துண்டாக விற்பது, ஊழியர்களின் ஓய்வூதிய நிதியில் உபரியாக இருப்பதை உருவிக்கொள்வது. ஆனால் நமக்கு நினைவில் நிற்பது அவனுடைய சஸ்பெண்டரும், வழித்து வாரிய தலையும், பேராசையைப் புகழ்ந்து அவன் பேசும் மேடைப் பேச்சும்தான். எச்சரிக்கையாக எழுதப்பட்ட பாத்திரத்தைப் பார்த்துவிட்டு, "உங்களால்தான் நான் தரகர் வேலைக்கே வந்தேன்" என்று டக்ளஸிடம் ஒரு கூட்டமே சொல்லியிருக்கிறது. ஆளைக் காட்டினால் இதுதான் நடக்கும். பார்க்கிறவர்கள் ஆளைப் பிடித்துக்கொள்வார்கள், கணக்கை விட்டுவிடுவார்கள்.

2013-இல் ஸ்கார்செஸி எடுத்த 'தி வுல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்' இதில் ஒரு படி மேலே போனது. ஒரு கம்பெனி முதன்முதலாகப் பங்கு வெளியிடுவது எப்படி என்று நாயகன் நம்மைப் பார்த்து விளக்க ஆரம்பிப்பான். பாதியிலேயே நிறுத்திவிட்டு, உங்களுக்கு இது புரியப்போவதில்லை, விடுங்கள் என்பது போலக் கையை விரித்துவிடுவான். நிதி உலகப் படங்களில் இவ்வளவு நேர்மையான காட்சி வேறு இல்லை என்பேன். இயக்குநர் வெள்ளைக் கொடியைத் தூக்கிவிட்டார். மூன்று மணி நேரப் படத்தில் மற்றபடி போதை, படகு, கூத்துதான். அந்தக் கும்பல் உதவாக்கரைப் பங்குகளை யார் தலையில் கட்டியதோ, அவர்கள் தொலைபேசிக் குரலாகத்தான் வருகிறார்கள்.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது: விவரம் தெரியாத ஒருவரைக் கதைக்குள் உட்காரவைத்து, அவருக்கு விளக்குவது. ஜே.சி. சாண்டரின் 'மார்ஜின் கால்' (2011) முழுக்க இப்படித்தான் நகர்கிறது. வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு அதிகாரி, முடிக்காத கணக்கு ஒன்றை ஜூனியர் ஒருவனிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். அவன் ராக்கெட் அறிவியல் படித்துவிட்டு சம்பளத்துக்காக நிதித் துறைக்கு வந்தவன். ராத்திரியோடு ராத்திரியாகக் கணக்கை முடித்துப் பார்க்கிறான். கையில் இருக்கும் வீட்டுக்கடன் பத்திரங்களின் மதிப்பு இன்னும் கொஞ்சம் இறங்கினால், நட்டம் கம்பெனியின் மொத்த மதிப்பையே தாண்டிவிடும். இந்தச் செய்தி ஒவ்வொரு மாடியாக மேலே ஏறுகிறது. மேலே போகப்போக, இருக்கிறவர்களுக்கு விவரம் குறைந்துகொண்டே போகிறது. கடைசியில் ஹெலிகாப்டரில் வந்திறங்கும் முதலாளி, சின்னப் பையனுக்குச் சொல்வது போல எனக்குச் சொல்லு என்கிறார். விளக்கம் நமக்கும் கிடைத்துவிடுகிறது, யார் எவ்வளவு சம்பளம் வாங்கிக்கொண்டு எவ்வளவு தெரியாமல் இருக்கிறார் என்பதும் சேர்ந்தே தெரிகிறது. சாண்டரின் அப்பா மெரில் லிஞ்ச் என்ற அமெரிக்க நிதி நிறுவனத்தில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தவர். அந்த ஆபீஸ்களின் அமைதி இயக்குநருக்கு வீட்டிலேயே பழக்கமாகியிருக்க வேண்டும்.

ஆடம் மெக்கேயின் 'தி பிக் ஷார்ட்' (2015) இதே வேலையை வெளிப்படையாகவே செய்தது. கதையை நிறுத்திவிட்டு, பிரபலங்களைக் கூட்டிவந்து பாடம் எடுக்கவைத்தது. சமையல்காரர் ஆண்டனி போர்டெய்ன், விற்காத பழைய மீனைக் குழம்பில் போட்டுப் புதுப் பதார்த்தமாக விற்பதைக் காட்டுவார். விஷயம் இதுதான்: ஆயிரக்கணக்கான வீட்டுக்கடன்களைச் சேர்த்து ஒரு பத்திரமாக்குகிறார்கள். அதைத் திரும்பவும் அடுக்குகளாகப் பிரிக்கிறார்கள். கடன்காரர்கள் கட்டும் பணம் முதலில் மேல் அடுக்குக்குப் போகும், நட்டம் வந்தால் முதலில் கீழ் அடுக்கைத் தாக்கும். கீழ் அடுக்கை யாரும் வாங்குவதில்லை. உடனே பல பத்திரங்களின் கீழ் அடுக்குகளைப் பொறுக்கி ஒன்றாகக் கட்டி, இதில் எல்லாம் ஒரே நேரத்தில் கெட்டுப்போகாது என்று ஒரு கணக்குச் சொல்லி, அதில் பெரும்பகுதிக்கு மறுபடி மிக உயர்ந்த தரச்சான்று வாங்கிவிடுகிறார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் கெட்டுப்போனது. 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி திவால் மனு போட்டது.

இந்த வழிக்கு முன்னோடி 1946-இல் வந்த ஃப்ராங்க் காப்ராவின் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்'. சின்ன ஊர்க் கடன் சங்கத்தின் வாசலில் மக்கள் பணம் கேட்டுக் குவிகிறார்கள். நாயகன் அவர்களிடம் சொல்வதன் சாரம்: உங்கள் பணம் இங்கே பெட்டியில் இல்லை, பக்கத்து வீட்டுக்காரரின் வீடாக நின்றுகொண்டிருக்கிறது. வங்கி என்றால் என்ன என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை. வேடிக்கை என்னவென்றால், வங்கியாளரை வில்லனாகக் காட்டியது கம்யூனிஸ்ட் தந்திரமாக இருக்கலாம் என்று 1947-இல் எஃப்.பி.ஐ. குறிப்பு எழுதி வைத்தது.

இந்தியாவில் வேறொரு வழி கிடைத்தது. காகிதத்தையே கதாபாத்திரமாக்குவது. பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் மோசடியைச் சொல்லும், ஹன்சல் மேத்தா இயக்கிய 'ஸ்கேம் 1992' (2020) தொடரின் பலம் அதுதான். 1990-களின் தொடக்கத்தில் வங்கிகள் அரசுக் கடன் பத்திரங்களை ஒன்றுக்கொன்று விற்று, சில நாளில் கொஞ்சம் கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளும். பெயர்தான் விற்பனை, உள்ளே பார்த்தால் குறுகிய காலக் கடன். பத்திரம் கைமாறியதைப் பதிவுசெய்யும் வேலை ரிசர்வ் வங்கியின் பேரேட்டில் கையால் எழுதப்பட்டுவந்தது, நாள் கணக்கில் இழுக்கும். அதனால் விற்ற வங்கி, "பணம் வந்து சேர்ந்தது, பத்திரம் பிறகு தருகிறேன்" என்று ஒரு ரசீது கொடுத்துவிடும். அதுதான் பி.ஆர்., வங்கி ரசீது. நடுவில் தரகர். காசோலை தரகரின் கணக்கு வழியாகப் போகும். சில சின்ன வங்கிகள், கையில் பத்திரமே இல்லாமல் ரசீது எழுதிக் கொடுத்தன. அப்புறம் என்ன, வெறும் தாளைக் காட்டி வங்கிப் பணத்தை எடுத்துப் பங்குகளில் கொட்டலாம். ஏ.சி.சி. சிமென்ட் பங்கு 200 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 9,000 வரை ஏறியது இந்தக் காற்றில்தான். 1992 ஏப்ரலில் சுசேதா தலால் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் எழுதிய செய்தி அதை உடைத்தது. விசாரிக்க ரிசர்வ் வங்கி அமைத்த ஜானகிராமன் குழு பின்னர் சொன்ன தொகை 4,000 கோடி ரூபாய்க்குச் சற்று மேல்.

இதே ரசீது விளையாட்டு 2024 தீபாவளிக்கு வந்த 'லக்கி பாஸ்கர்' வழியாக நம் ஊர் தியேட்டர்களுக்கும் வந்து சேர்ந்தது. தெலுங்கில் எடுத்த படம், தமிழிலும் ஓடியது. துல்கர் சல்மான் அதில் பங்குத் தரகர் அல்ல, பதவி உயர்வுக்குக் காத்திருந்து ஏமாந்த வங்கிக் காசாளர். மோசடியின் உச்சியிலிருப்பவரை விட்டுவிட்டு, அவருடைய கோப்பைத் தூக்கிச் சுமக்கும் ஆளைப் பிடித்தது நல்ல யோசனை. ஆனாலும் படம் அவன் எப்படித் தப்பிக்கிறான் என்பதில் கைதட்டல் வாங்குகிறது. பணத்தை இழந்தது யார் என்ற கேள்வியை வசதியாகத் தாண்டிவிடுகிறது.

கோத்தகிரிப் பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்து 'தி பிக் ஷார்ட்' பார்த்தபோது, அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "இத்தனை பேர் பேசறாங்களே தம்பி, வீடு போனவன் எங்க?" அந்தப் படத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார், அதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டு உரிமையாளர் தன் நாயின் பெயரில் கடன் வாங்கித் தவணை கட்டாமல் விட, ஒழுங்காக வாடகை கட்டிய குடித்தனக்காரர் தெருவுக்கு வருகிறார். இரண்டு சின்னக் காட்சி. மற்ற படங்களில் அதுகூடக் கிடையாது. 'மார்ஜின் கால்' படத்தில் விடிந்ததும் அந்த நாற்றப் பத்திரங்களை எல்லாம் வாடிக்கையாளர்களிடமே தள்ளிவிடுகிறார்கள். வாங்குகிறவர் முகம் ஒன்றுகூடத் திரையில் வராது.

பெரியவருக்கு அந்தக் கேள்வி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. நீலகிரியில் பல்லாயிரக்கணக்கான சிறு தேயிலை விவசாயிகள், கொழுந்தைக் கொடுக்கும் அன்று அதன் விலை தெரியாமல்தான் கொடுக்கிறார்கள். குன்னூரில் வியாழன், வெள்ளிகளில் தேயிலைத்தூள் ஏலம் நடக்கும். 1963 முதல் நடந்துவரும் ஏலம். முன்பு கூடத்தில் வாய்விட்டுக் கேட்டது, இப்போது கணினித் திரையில். அந்த ஏலத்தின் சராசரியை வைத்துத் தேயிலை வாரியம் மாதாமாதம் பசுந்தேயிலைக்கு விலை சொல்லும். விற்ற விலையில் 65 சதவீதம் விவசாயிக்கு, 35 சதவீதம் பாக்டரிக்கு என்பது சூத்திரம். தூள் சராசரியாக 100 ரூபாய்க்குப் போனது என்று வைத்துக்கொள்வோம். விவசாயி பங்கு 65. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் கொழுந்து வேண்டும். ஆக ஒரு கிலோ கொழுந்துக்குப் பதினைந்து ரூபாய்ச் சொச்சம். பறிகூலி, உரம் எல்லாம் அதற்குள். இந்தக் கணக்கு குற்றம் அல்ல, மோசடியும் அல்ல. விலை ஒரு இடத்தில் முடிவாகிறது, அதன் பலன் வேறொரு இடத்தில் விழுகிறது. நடுவில் இருப்பது தாள். சோவியத் ஒன்றியம் நம் தேயிலையின் பெரிய வாடிக்கையாளராக இருந்தது. 1991-இல் அது உடைந்தது. அந்த உடைப்பு 1990-களின் இறுதியில் கொழுந்து விலைச் சரிவாக இங்கே வந்து சேர்ந்தபோது, யாரைத் திட்டுவது என்றே தெரியாமல் விவசாயிகள் ரோட்டில் உட்கார்ந்தார்கள்.

இதோடு வைத்துப் பார்க்க ஒரு நகைச்சுவைப் படம் இருக்கிறது: 'டிரேடிங் பிளேசஸ்' (1983). இரண்டு கிழட்டுக் கோடீஸ்வரர்கள் ஆரஞ்சு விளைச்சல் பற்றிய அரசு அறிக்கையை முன்கூட்டியே திருடி, உறைய வைத்த ஆரஞ்சுச் சாற்றின் முன்பேர வணிகத்தில், அதாவது பின்னால் வரப்போகும் சரக்குக்கு இப்போதே விலை பேசுவதில், கொள்ளையடிக்கத் திட்டம் போடுகிறார்கள். நாயகர்கள் அறிக்கையை மாற்றிவைத்து அவர்களை ஓட்டாண்டி ஆக்குகிறார்கள். இதில் ரசமான விஷயம், அன்றைக்கு அரசின் ரகசியத் தகவலைத் திருடி முன்பேரம் செய்வதைத் தெளிவாகத் தடுக்கும் விதியே அமெரிக்காவில் இல்லை. 2010-இல் டாட்-ஃப்ராங்க் சட்டத்தில்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள். படத்தில் நடித்தவரின் பெயரால் அதை எடி மர்ஃபி விதி என்றே கூப்பிட்டார்கள். படத்தில் ஆரஞ்சு விவசாயி ஒருவர்கூட இல்லை. அவருடைய குளிர்கால விளைச்சல் பற்றித்தான் அத்தனை கூச்சலும்.

தமிழில் நிலைமை என்ன? கந்துவட்டிக்காரர் நம் சினிமாவின் நிரந்தர வில்லன். வெள்ளை வேட்டி, தங்கச் சங்கிலி, கூட நாலு அடியாள். அது எளிது, ஏனென்றால் கந்துவட்டிக்கு முகம் உண்டு. முகமில்லாத பணத்தைத் தொட்டவர் என்று எனக்கு முதலில் தோன்றுவது எச். வினோத். 'சதுரங்க வேட்டை'யில் (2014) மண்ணுளிப் பாம்பு, எம்.எல்.எம்., கோபுரக் கலசத்து இரிடியம் என்று ஆசைகாட்டி ஏமாற்றும் கலையைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். ஏமாறுகிறவர்களின் முகம் அந்தப் படத்தில் உண்டு. அதனால்தான் அது இன்னும் தாங்குகிறது. 'துணிவு' (2023) வங்கியே மியூச்சுவல் ஃபண்டு, கிரெடிட் கார்டு என்று வாடிக்கையாளர் தலையில் கட்டுவதைப் பேசியது. விஷயம் கனமானது. துப்பாக்கிச் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சினிமாக்காரர்கள் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். தமிழ்ப் படங்களே பைனான்சியர் பணத்தில்தான் எடுக்கப்படுகின்றன. சினிமாவுக்குத் தொழில் அந்தஸ்து தரப்படும் என்று மத்திய அரசு அறிவித்ததே 1998-இல். வங்கிக் கடன் இன்றுவரை பெரும்பாலான தயாரிப்பாளர்களுக்கு எட்டவில்லை. படத்தின் உரிமைகளை அடமானம் வைத்து வட்டிக்கு வாங்குவார்கள். வெளியீட்டுக்கு முந்தின ராத்திரி பாக்கி தீராமல், காலைக் காட்சி ரத்தாகி, ரசிகர்கள் வாசலில் நின்றதை நாம் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! அந்த ஒரு ராத்திரியை மட்டும் வைத்து ஒரு 'மார்ஜின் கால்' எடுக்கலாம். பணம் யார் போடுவார் என்பதுதான் கேள்வி.

ஊட்டியில் இன்னொரு கதை கிடக்கிறது. இந்து நகரில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்த பொதுத்துறை ஆலை. சினிமாச் சுருளும் எக்ஸ்ரே பிலிமும் இந்த மலையில்தான் செய்தார்கள். டிஜிட்டல் வந்து அதைக் கொன்றது என்று பொதுவாகச் சொல்வோம், அது பாதிக் கதை. மீதி வட்டி. உற்பத்தி கிட்டத்தட்ட நின்றுபோன கடைசி வருடங்களில், நாட்டிலேயே அதிக நட்டம் காட்டும் பொதுத்துறை நிறுவனங்களின் பட்டியலில் இந்தச் சின்ன ஆலையின் பெயர் வந்துகொண்டிருந்தது. வருடத்துக்கு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் நட்டம். எதையுமே செய்யாத ஆலை எப்படி அவ்வளவு இழக்கும்? பழைய கடனுக்கு வட்டி, கட்டாத வட்டிக்கு வட்டி. இயந்திரம் நின்ற பிறகும் பேரேடு ஓடிக்கொண்டே இருந்தது. கூட்டுவட்டியைப் படமெடுக்க விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது: காலியான கூடம், அதில் ஏறிக்கொண்டே போகும் ஒரு எண்.

ஆனால் எனக்கு ஒரே ஒரு படம் எடுக்கச் சொன்னால் நான் தேவாலாவுக்குத்தான் போவேன். கூடலூர் தாண்டி, பந்தலூருக்குப் போகும் வழி. அந்தப் பகுதியில் பழங்குடிகள் வெகுகாலமாக ஓடை மணலை அரித்துக் கொஞ்சம் கொஞ்சம் தங்கம் எடுத்துவந்தார்கள். 1870-களில் காப்பித் தோட்டங்கள் நோயில் விழுந்தன. துரைமார்களுக்குக் கடன் ஏறியது. 1877-இல் மலபாரிலிருந்து பிரித்து இந்தப் பகுதியை நீலகிரியோடு சேர்த்தார்கள். அடுத்த சில வருடத்தில் ஆஸ்திரேலியச் சுரங்க அனுபவமுள்ள பிரஃப் ஸ்மித் என்பவரை அரசு அழைத்து ஆய்வுசெய்யச் சொன்னது. அவர் நம்பிக்கையூட்டும் அறிக்கை கொடுத்தார். லண்டன் பைத்தியம் பிடித்து ஆடியது. 40-க்கும் மேற்பட்ட கம்பெனிகள், காகிதத்தில் சுமார் 50 லட்சம் பவுன் மூலதனம். வந்த பணத்தில் பெரும்பங்கு தங்கம் தோண்டப் போகவில்லை. நொடித்துப்போன காப்பித் தோட்டங்களைத் தங்க வயல் என்று பெயர் மாற்றி விற்றவர்களின் பைக்குப் போனது. பந்தலூரில் கட்டடங்கள் எழும்பின, குதிரைப் பந்தயம்கூட நடந்ததாகப் பழைய மாவட்டப் பதிவு சொல்கிறது. இயந்திரங்கள் மலையேறி வந்தன. பாறையை அரைத்துப் பார்த்தால் செலவுக்கே காணாது. சில வருடத்தில் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின.

நிதி உலகப் படத்துக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கிறது. நாயின் பெயரில் வீட்டுக்கடன் எழுதியதற்கும், நோய்த் தோட்டத்தைத் தங்கச் சுரங்கம் என்று பங்கு அறிக்கையில் எழுதியதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தரச்சான்று கொடுத்த நிபுணர் இருக்கிறார்; அவர் பொய் சொன்னார் என்று கூடச் சொல்ல முடியாது, தங்கம் இருந்தது, லாபம் தருமளவு இல்லை. விற்றுவிட்டு நகர்ந்த தோட்ட முதலாளி இருக்கிறார். லண்டனில் ஓய்வூதியத்தைப் போட்டு இழந்தவர் இருக்கிறார். ஹாலிவுட் விட்டுவிடும் ஆட்களும் இங்கே கதைக்குள்ளேயே நிற்கிறார்கள்: மலேரியாக் காட்டில் பாறை உடைத்த கூலிகள், ஓடை மணலை அரித்துவந்த இடத்தில் திடீரென்று கம்பெனி எல்லைக்கல் முளைத்ததைப் பார்த்த பழங்குடிகள். பழைய சுரங்கக் குழிகள் இன்னும் இருக்கின்றன. திருட்டுத்தனமாக உள்ளே இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள், மண் சரிந்து செத்ததாக அவ்வப்போது செய்தி வரும்.

யாராவது எடுக்க வந்தால் ஒரு யோசனை மட்டும் சொல்வேன். நாயகனாக ஒரு துரையைத் தேடாதீர்கள். ஒரு குமாஸ்தாவை வையுங்கள், இரண்டு பக்கக் கணக்கும் அவன் கை வழியாகப் போகட்டும். மழைக்காலத்தில் மட்டும் யூனிட்டைக் கூட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஜூன், ஜூலையில் தேவாலாவில் கேமராவை வெளியே எடுக்கவே முடியாது. லாட்ஜ் வாடகையிலேயே பைனான்சியர் பணம் கரைந்துவிடும்.